சாக்லேட் கடலை உருண்டை: எங்கே சறுக்குகிறோம்?

முதல் முறை செய்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோபிச்செட்டிபாளையம் சந்தையில் வாங்கிய நிலக்கடலை பொன்னிறமாக வறுபட்டிருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் டார்க் சாக்லேட் பளபளவென்று உருகிக் கிடந்தது. பக்கத்து அடுப்பில் நாட்டுச்சர்க்கரைப் பாகு. அதில் இரண்டு கரண்டி எடுத்து சாக்லேட்டில் விட்டுக் கிளறினேன். நாலு கிளறல்தான். பளபளப்பு போய், திரிதிரியாகி, கரண்டியைச் சுற்றிக் களிமண் மாதிரி அப்பிக்கொண்டது.

அம்மாவைப் பெற்ற அம்மாயி எட்டிப் பார்த்தார். “ஏஞ்சாமி, எள்ளுருண்டைக்கு நாம என்னைக்குப் பாகு காச்சியிருக்கறோம்? ஒரல்ல போட்டு இடிச்சா தானாப் பிடிக்குது” என்றார். சாக்லேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்னது முழுக்கச் சரி.

சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் கொக்கோத் துகளும் சர்க்கரைத் துகளும்தான். அதில் ஈரம் கொஞ்சமே பட்டாலும் சர்க்கரை நனைந்து பிசுபிசுக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பாகில் இருக்கும் தண்ணீர் போதும். சரியாகத் துடைக்காத கரண்டி போதும். மூடி போட்டு உருக்கினால் மூடியிலிருந்து சொட்டும் ஆவித் தண்ணீரும் போதும். திரிந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் மறுபடி வழவழப்பாகும். உருண்டைக்கு ஆகாது, கதலிப் பழத்தைத் தொட்டுச் சாப்பிடலாம். அன்று எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அப்புறம் எள்ளுருண்டை வழிக்கே வந்துவிட்டேன். வறுத்துத் தோல் நீக்கிய கடலை 200 கிராம், வறுத்த கருப்பு எள் 50 கிராம், நாட்டுச்சர்க்கரை 100 கிராம், இனிப்பில்லாத கொக்கோ தூள் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப் பொடி. உப்பை விட்டுவிடாதீர்கள், கொக்கோவின் கசப்பை அடக்குவது அதுதான். எள்ளைத் தனியாகப் பொடித்துக்கொண்டு, கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அடிக்க வேண்டும். ஒரே மூச்சாக ஓட விட்டால் எண்ணெய் பிரிந்து சட்னி பதத்துக்குப் போய்விடும். கடலை நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சூட்டோடு போட்டால் இன்னும் சீக்கிரமாக எண்ணெய் விடும். கடைசியில் நாட்டுச்சர்க்கரையும் கொக்கோவும் சேர்த்து இரண்டு சுற்று. கையில் பிடித்து அழுத்தினால் நிற்கும். நிற்காவிட்டால் ஒரு கரண்டி உருக்கிய நெய். பாலோ தண்ணீரோ தெளித்தால் அந்த நேரத்துக்குப் பிடிக்கும், ஆனால் ஓரிரு நாளில் கெட்டுவிடும்.

கொக்கோ தூளை வாணலியில் போட்டு வறுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாத வேலை. கொக்கோக் கொட்டையை வறுத்துத்தான் பெரும்பாலும் தூளாக்குகிறார்கள். மறுபடி வாணலியில் போட்டால் கருகி, கசப்புதான் மிஞ்சும். இன்னொரு குழப்பம், கொக்கோ தூளுக்குப் பதிலாகப் பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரைப் போடுவது. அதில் பெரும்பங்கு சர்க்கரை. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்: சேர்மானங்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். சர்க்கரை முதலில் நின்றால் நீங்கள் வாங்குவது சர்க்கரை.

கட்டி சாக்லேட் வாங்கும்போதும் இதே கதை. பேக்கரி சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரிய பாளங்களின் உறையில் ‘காம்பவுண்ட்’ என்று சின்னதாகப் போட்டிருக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்டுச் செய்தது அது. சீக்கிரம் உருகாது, கையாளச் சுலபம். பிறந்தநாள் கேக்குக்கு இருந்துவிட்டுப் போகட்டும். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுக்கும் உருண்டையில் அது எதற்கு? பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ காய்க்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, கொக்கோ வெண்ணெயே இல்லாத சாக்லேட்டை வாங்குவானேன்.

இனி, சொன்னால் கோபம் வரக்கூடிய விஷயம். நாட்டுச்சர்க்கரை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் பக்கம் அஸ்கா என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் சுமார் 400 கலோரி. நாட்டுச்சர்க்கரையில் சுமார் 380. அவ்வளவுதான் வித்தியாசம். மணமும் ருசியும் வேறு, கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், ஆனால் சர்க்கரை சர்க்கரைதான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது என்ற பெருமை எனக்கும் உண்டு. அதற்காக நீரிழிவுக்காரருக்கு நாலு உருண்டை எடுத்துக் கொடுக்க முடியாது. மேலே சொன்ன அளவில் 20 உருண்டை பிடித்தால் ஒன்றில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். கலோரி சுமார் 95. ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நிறத்தையும் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளில் இருக்கிற வெல்லம், ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். பழுப்பாக, கொஞ்சம் அழுக்குப் பிடித்த மாதிரி இருப்பதே மேல்.

கடலையில் சிக்கு வாடை வந்தால் சாக்லேட் வாசம் மறைத்துவிடும் என்று சேர்க்கக் கூடாது. பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. சின்னக் குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் கடலையை நைசாகப் பொடிப்பதும் முக்கியம். முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும்.

உருண்டையை உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தால் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. மார்கழி, தையில் செய்யுங்கள். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும்; சித்திரையில் ஈரோட்டு வெயில் அதைத் தாண்டி வெகுதூரம் போகும். பள்ளிக்கூடத்து டிபன் டப்பாவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து, காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கெட்டுப்போனதல்ல, ஆனால் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். மூடிய டப்பாவோடு எடுத்து, குளிர் போன பிறகு திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. முக்காத வெறும் உருண்டை ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் பத்து நாள் தாராளமாக இருக்கும்.

கீழே விழுந்த உருண்டையைத் தோட்டத்துச் சாளையில் கட்டியிருக்கும் நாய்க்குப் போடுகிற பழக்கம் உண்டென்றால், இதை மட்டும் போடாதீர்கள். கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் நாய்க்கு விஷம்.