பிக்கப்பில் பாரம் இழுக்க ஆக்சில் ரேஷியோ: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம பக்கம் என்ன மலையா இருக்கு? எந்த ரேஷியோவா இருந்தா என்ன?" ஆக்சில் பற்றிப் பேச்செடுத்தாலே மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இந்தப் பதில்தான் வருகிறது. முதல் தவறே இதுதான். ஆக்சில் ரேஷியோ என்பது, சக்கரம் ஒரு சுற்று வர, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்கிற எண். நெல் ஏற்றுகிற இடம் வயல். அங்கிருந்து வாய்க்கால் கரை ஏறி, ஆற்றங்கரை ரோட்டைப் பிடித்து, பாலம் ஏறி இறங்கித்தான் கொள்முதல் நிலையம் போய்ச் சேர வேண்டும்.

வண்டியும் பாரமும் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார் ரோட்டில் மெதுவாக உருட்ட ஏறக்குறைய 45 கிலோ இழுவை போதும். பத்தடிக்கு ஓரடி உயரும் கரையில் அதற்கு மேல் இன்னும் 300 கிலோ வேண்டும். பின்னால் டிரெய்லர் இருந்தால் அதன் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரேஷியோ பார்க்க வேண்டியது அந்தக் கரை ஏற்றத்துக்காக. தஞ்சாவூர் பைபாஸில் 80-ல் போவது இரண்டாம்பட்சம்.

கணக்கு எளிது. ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றிவிடும் சின்னது பினியன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் ரேஷியோ 4.10. பினியனில் 11 பல் என்றால் 3.73. எண் பெரிதானால் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை கூடும். அதே வேகத்துக்கு என்ஜின் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். இதைத் தனியாகப் பார்ப்பது அடுத்த தவறு. கியர்பாக்ஸின் முதல் கியர் 4 என்றால், 4.10 ஆக்சிலில் மொத்தம் 16.4 வரும். 3.73-ல் 14.9 தான். முதல் கியரிலேயே சுமார் 9 சதவீத இழுவை போய்விடுகிறது.

அமெரிக்காவில் ஒரே பிக்கப்பை 3.55, 3.73 என்று கேட்டு வாங்க முடிகிறது. அங்கே 10 கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளும் ஓடுவதால் சின்ன எண் ஆக்சிலிலும் பாரம் இழுத்துவிடுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து நம்மூர் 5 கியர் மேனுவல் வண்டிக்கு முடிவெடுக்காதீர்கள்.

சின்ன எண் போட்டால் டீசல் மிச்சம் என்பது காலி வண்டி ஹைவேயில் ஓடும்போது சரி. பாரத்தோடு ஐந்தாவது கியர் தாங்காது. நாலுக்கும் மூணுக்கும் இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். கரையில் பாதி கிளட்ச்சில் முக்கி முக்கி ஏற்றினால் கருகிய வாடை வரும். மிச்சம் பிடித்த டீசல் காசு கிளட்ச் பிளேட்டுக்கே போய்விடும்.

பழைய வண்டி வாங்கும்போது சொன்ன ரேஷியோவை அப்படியே நம்பாதீர்கள். ஆக்சில் கூடே (ஹவுசிங்) வேறு வண்டியுடையதாக இருக்கலாம். சோதிக்கப் பத்து நிமிடம் போதும். சமதரையில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்சக்கரத்தைச் சுற்ற ஹேண்ட்பிரேக்கை விடவேண்டும் என்பதால் கட்டை இல்லாமல் தொடவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று (மறு சக்கரம் தரையில் நிற்பதால் இதுதான் ஒரு சுற்றுக் கணக்கு) சுற்றச் சொல்லிவிட்டு, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலு சுற்றும் கொஞ்சமும் வந்தால் 4.10 பக்கம்; நாலு சுற்று நிறையவில்லை என்றால் 3.73 பக்கம். டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) உள்ள வண்டியில் அது விழுந்திருக்கக் கூடாது.

டயரை மறந்துவிடுகிறார்கள். 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 703 மி.மீ. பார்வைக்காக 235/75 ஆர்15 மாட்டினால் 733 மி.மீ. ஆகிறது. உங்கள் 4.10, ஏறக்குறைய 3.93 ஆக்சில் போலத்தான் இழுக்கும். ஆக்சிலைத் தொடாமலேயே இழுவையைக் குறைத்துக்கொண்டீர்கள்.

சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றுவதற்கும் ரேஷியோவுக்கும் சம்பந்தமில்லை. ஐப்பசி மழையில் நனைந்த களிமண்ணில் எண்ணைக் கூட்டினால் இன்னும் வேகமாகத்தான் குழி தோண்டும். அங்கே தேவை பிடிப்பு: நல்ல பட்டன் டயர், டிஃபரன்ஷியல் லாக், இல்லாவிட்டால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி மூட்டையைச் சுமந்து ஏற்றுவது.

பெரிய எண் போட்டதால் ஏற்றும் எடை கூடிவிடாது. ஃபிரேம், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பழையதுதான், ஆர்.சி.யில் உள்ள எடைதான் எல்லை. 40 கிலோ மூட்டை நெல் 37 ஏற்றினாலே ஒன்றரை டன் நெருங்கிவிடும். ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. கம்பெனி அந்த மாடலுக்குத் தருகிற செட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

மாற்றுவதானால் கிரவுனை மட்டும், பினியனை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. பல்லில் கலர் தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலையும் ஒரே ரேஷியோவாக மாற்றாவிட்டால், காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டதும் முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டரும் தப்பும்: 4.10-லிருந்து 4.78-க்குப் போனால், முள் 60 காட்டும்போது வண்டி 51 சொச்சத்தில்தான் ஓடும்.

புது செட்டை முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் இல்லாமல் ஓட்டி, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு, பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். அறுவடை தொடங்குகிற வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது. சம்பாவுக்கு வண்டி வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.