அம்மாவுக்கு ஒரு பைபிள் ஆப், மாமியாருக்கு வேறொன்று

நான் பிறந்த வீடு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), புகுந்த வீடு கத்தோலிக்கம். இரண்டு வீட்டுப் போன்களிலும் பைபிள் ஏற்றித் தருவது என் வேலை. முதல் தடவை அம்மாவுக்குப் போட்ட ஆப்பையே மாமியாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அரைமணி நேரத்தில் கூப்பிட்டார்: "ஏம்மா, இதுல தோபித்தைக் காணோமே?"

இருக்காதுதான். சிஎஸ்ஐ போன்ற சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. கூடுதலான அந்த ஏழில் ஒன்றுதான் தோபித்து. அதனால் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பது எந்த மொழிபெயர்ப்பு என்று பாருங்கள். 'தமிழ் பைபிள்' என்று மட்டும் பெயர் போட்டிருந்தால் 23ஆம் சங்கீதத்தை (கத்தோலிக்கப் பதிப்பில் திருப்பாடல்) திறந்து பாருங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றிருந்தால் அம்மா மனப்பாடமாகச் சொல்லும் பழைய மொழிபெயர்ப்பு. "ஆண்டவரே என் ஆயர்" என்றால் 1995இல் வந்த, கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு. அதிலும் பொருளடக்கத்தில் தோபித்தும் மக்கபேயரும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் தேடல். "சமாதானம்" என்று தேடினால் "சமாதானத்தை", "சமாதானத்தோடே" எல்லாம் பெரும்பாலும் வராது. கடைசி எழுத்து மாறிவிடுகிறதே. "சமாதான" வரைக்கும் அடித்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த ஆப்பின் தேடலை நம்ப வேண்டாம்.

எங்கள் கோயிலுக்குள் சிக்னல் கிடைக்காது. ஆகவே ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதுவரை திறக்காத ஓர் அதிகாரத்தைத் திறந்து பார்ப்பேன். எழுத்தைப் பெரிதாக்கி, 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதத்தைக் கீழே வரை தள்ளியும் பார்ப்பேன். அதில் திணறினால் நீக்கிவிடுவேன்.

விளம்பரம் வருகிற ஆப் வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அம்மா வசனம் வாசித்துக்கொண்டிருக்கும்போது ரம்மி விளம்பரம் முழுச் சத்தத்தில் அலறியது. அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை. பைபிள் வாசிக்கிற ஆப்புக்கு நம் போனிலுள்ள நம்பர்களும் தேவையில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது அம்மா போனில் இருப்பது யூவர்ஷன். இலவசம், விளம்பரம் கிடையாது, தமிழிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பதிப்பையும் இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேண்டியதற்கு அந்த வசதி உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு பைபிள்.இஸ் நல்லது, ஒலிவடிவில் கேட்கலாம். அம்மா மீன் கழுவும்போது போட்டுவிடச் சொல்வார்.

கணக்கு ஒன்று தொடங்கி வைத்தால், போனை மாற்றினாலும் குறித்துவைத்த வசனங்கள் போகாது. அம்மாவுக்கு மெயில் ஐடி இல்லாததால் என்னுடையதையே போட்டிருக்கிறேன். அவர் மஞ்சள் அடிக்கும் வசனமெல்லாம் இப்போது என் போனிலும் மஞ்சளாகத் தெரிகிறது.