ஆடிக்கு 1 வேலை, 21 ஆர்ட்வொர்க்: விளம்பர ஏஜென்சி ஆர்ட்டிஸ்ட் வேலையைக் கணக்குப் போடும் விதம்

ஏஜென்சியில் ஆர்ட்டிஸ்டின் வேலை சீராக வராது. பத்து நாள் காபி குடித்துக்கொண்டு பழைய ஃபைல்களைப் புரட்டலாம், பதினோராவது நாள் இரவு இரண்டு மணிக்கும் கரெக்‌ஷன் வந்துகொண்டிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அலை எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அது எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். பெரும்பாலான ஏஜென்சிகளில் அந்தக் கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை.

காலண்டரை கிளையன்ட் வாரியாகப் போடுங்கள்

சென்னையில் ஜவுளிக்கடை கிளையன்ட் இருந்தால் ஜூலை நடுவில் தொடங்கும் ஆடித் தள்ளுபடிக்கு ஜூன் கடைசியிலேயே மூச்சு முட்டும். அதே ஆடியில் வீட்டுமனை கிளையன்ட் தூங்கிக்கொண்டிருப்பார், ஏனென்றால் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுமனை புகுவதில்லை. அவருடைய அலை தையிலும் ஆவணியிலும் வரும். நகைக்கடைக்கு அட்சய திருதியை, கல்லூரிகளுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஒரே சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு நிறம் என்று கோடு இழுத்தால், எந்த வாரத்தில் மூன்று நிறம் மோதுகிறது என்பது கண்ணில் பட்டுவிடும்.

போன வருடத் தேதிகளை அப்படியே நகல் எடுக்காதீர்கள். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே மட்டும் எப்போதும் கிட்டத்தட்ட 20 நாள்தான். அதனால் தீபாவளி மாஸ்டர், அதாவது எல்லா சைஸுக்கும் மூலமான முதல் டிசைன், ஆயுத பூஜைக்கு முன்பே ஓகே ஆகியிருக்க வேண்டும். பூஜை விடுமுறை முடிந்து வந்து மாஸ்டரைத் தொடங்குகிற ஏஜென்சி அந்த வருடம் முழுத் தீபாவளியையும் இரவில்தான் செய்யும்.

வேலையை எண்ணாதீர்கள், பீஸை எண்ணுங்கள்

ஜாப் ரிஜிஸ்டரில் "ஆடி கேம்பெயின்" என்பது ஒரு வரி. ஆர்ட்டிஸ்டின் மேஜையில் அது இப்படி விரியும்: பேப்பர் விளம்பரம் மூன்று சைஸ், தமிழும் ஆங்கிலமுமாக 6. ஹோர்டிங் 3. துண்டுப் பிரசுரம் 1. கடைக்குள் ஸ்டேண்டி (நிற்கும் பலகை), டேங்லர் (மேலிருந்து தொங்கும் அட்டை), கல்லாப் பக்கத்து போஸ்டர் என்று 3. நான்கு ஆஃபருக்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட்டும் ஸ்டோரியும் ஆக 8. மொத்தம் 21.

மாஸ்டருக்கு 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 21 அடாப்டேஷனுக்கு, அதாவது மாஸ்டரை ஒவ்வொரு பீஸுக்கும் மாற்றி அமைப்பதற்கு, தலா 40 நிமிடம் என்றால் 14 மணி நேரம். இரண்டு சுற்றுக் கரெக்‌ஷன், பீஸுக்குச் சுற்றுக்கு 10 நிமிடம் என்றால் 7 மணி நேரம். ஆக 29. எட்டு மணி நேர வேலை நாளில் மீட்டிங், போன், ஃபைல் அனுப்புவது எல்லாம் போக, கை மவுஸில் இருப்பது ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டாது. அப்படியானால் இந்த "ஒரு வேலை" ஓர் ஆளுக்கு ஐந்து நாளுக்கு மேல். இதில் மாஸ்டர் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. ஆளைச் சாய்ப்பது வால்தான், தலை இல்லை.

இந்தக் கணக்கை பிரீஃப் (கிளையன்டின் தேவைக் குறிப்பு) வந்த அன்றே கிளையன்ட் சர்வீசிங்குக்கு (கிளையன்டோடு பேசும் ஏஜென்சி ஆளுக்கு) மெயிலில் அனுப்புங்கள். "முடியாது" என்று எழுத வேண்டாம், அந்தச் சொல் வந்ததும் பேச்சு சண்டையாகிவிடும். "சார், நாளைக்கு ராத்திரிக்குள்ள 8 பீஸ் போகும். மீதி 13 வெள்ளிக்கிழமை. எந்த 8 முதல்ல வேணும்னு சொல்லிடுங்க." இப்படிக் கேட்டால் முடிவு அவர் கைக்குப் போகிறது. பேப்பருக்கு மெட்டீரியல் (முடிந்த விளம்பர ஃபைல்) போக வேண்டிய நேரம் முதலில், ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் கேட்கும் நேரம் அடுத்தது, சோஷியல் மீடியா கடைசி என்று அவரே அடுக்கித் தருவார்.

அடாப்டேஷனைத் தொடங்கும் முன்

மாஸ்டர் ஓகே ஆகாமல் ஒரு சைஸ்கூடத் திறக்காதீர்கள். "டைம் இல்லை, ரெண்டையும் சேர்த்துப் பண்ணிடலாம்" என்பதுதான் இந்தத் தொழிலின் மிக விலை உயர்ந்த வாக்கியம். மாஸ்டரில் தலைப்பு மாறினால் ஒரு கரெக்‌ஷன், 21 சைஸும் தயாரான பிறகு மாறினால் 21 கரெக்‌ஷன்.

பொருளின் படத்தை ஒவ்வொரு ஃபைலிலும் ஒட்டாமல் லிங்க்காக வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிளேஸ் லிங்க்ட், இல்லஸ்ட்ரேட்டரில் பிளேஸ் பண்ணும்போது லிங்க் டிக். புடவையின் நிறத்தை மாற்றச் சொன்னால் ஒரு படத்தை மாற்றினால் போதும். கிளை முகவரிகள் பல இருந்தால் இன்டிசைனில் டேட்டா மெர்ஜ் போடுங்கள், பட்டியலிலிருந்து முகவரிகளை அதுவே நிரப்பும். எக்செல் பட்டியலை "யூனிகோட் டெக்ஸ்ட்" ஆகச் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முகவரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

தமிழ் எழுத்தில் போகும் மணிநேரம்

அவசர வாரத்தில் கணக்கில் வராமல் நேரம் ஒழுகும் இடம் இது. கிளையன்ட் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார். உங்களிடம் இருக்கும் அழகான தலைப்பு எழுத்துருக்கள் பல பழைய என்கோடிங்கில் (யூனிகோடுக்கு முந்திய எழுத்துக் குறியீட்டு முறையில்) இருக்கும். அப்படியே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றதில் மாற்றி ஒட்ட வேண்டும். பாமினி போன்ற முறைகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருப்பதால், நடுவில் வரும் ஆங்கிலக் கடைப் பெயரும் இணைய முகவரியும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். அவற்றைத் தனியாக ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ₹ குறி 2010இல்தான் வந்தது. அதற்கு முந்திய எழுத்துருவில் அது கிடையாது, "ரூ." என்றே போட்டுவிடலாம்.

யூனிகோட் எழுத்துருவிலேயே வேலை செய்தாலும் பழைய ஃபோட்டோஷாப்பில் "கொலுசு" என்று அடித்தால் கொம்பு இடம் மாறிச் சிதறலாம். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன். ஏற்கெனவே உள்ள எழுத்து சரியாகாவிட்டால் பாராகிராஃப் பேனல் மெனுவிலும் அதையே தர வேண்டும். இதை எல்லா மெஷினிலும் சும்மா இருக்கும் நாளில் செய்துவையுங்கள். இரவு பதினொரு மணிக்கு அடுத்த மேஜை மெஷினில் உட்கார நேரும்போதுதான் அங்கே செய்யவில்லை என்பது தெரியவரும்.

திரும்பி வரும் ஃபைல்கள்

40க்கு 20 அடி ஹோர்டிங்கை முழு அளவில் 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) திறந்தால் அகலம் 34,560 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் தாங்காது, சேவ் ஆகாது. கால் அளவில், 120க்கு 60 அங்குலமாக, 100 டிபிஐயில் செய்யுங்கள். அடித்தால் 25 டிபிஐ கிடைக்கும், சாலையிலிருந்து பார்க்க அது போதும். "1க்கு 4" என்று ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ஓரத்தில் மடிக்க எவ்வளவு விட வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் அடிப்பவரிடம் கேளுங்கள். 4 அங்குலம் என்றால் உங்கள் ஃபைலில் 1 அங்குலம்.

செய்தித்தாளுக்கு நாலு கலர் மை அளவும் சேர்த்து மொத்தம் 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐஎஸ்ஓ நியூஸ்பேப்பர் 26 வி4 கலர் புரொஃபைலுக்கு மாற்றினால் அது கட்டுக்குள் வரும். மாடலின் கூந்தலும் கறுப்புப் பட்டுப் பின்னணியும்தான் எப்போதும் மீறும் இடங்கள். அடியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வரியை நாலு கலர் பின்னணியில் 6 பாயின்ட் வெள்ளையில் போட்டால் புள்ளிகள் மை அடைத்துக் காணாமல் போகும். 9 பாயின்ட் போல்டுக்குக் கீழே இறங்காதீர்கள். கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு மட்டும், ஓவர்பிரின்ட் (கீழே உள்ள நிறத்தின் மேலேயே அடிப்பது) போட்டு.

கரெக்‌ஷன் ஒரே கட்டாக

கடை முதலாளி, அவர் தம்பி, மேனேஜர் மூன்று பேரும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரே ஃபைலை மூன்று தடவை திறக்க வேண்டும். காலை 11, மாலை 5 என்று இரண்டு நேரம் மட்டும் வாங்குவது என்று சர்வீசிங்கோடு ஒப்பந்தம் செய்யுங்கள். நடுவில் வருவது அவரிடமே சேரட்டும். குரல் பதிவில் வரும் கரெக்‌ஷனை அவரே எழுத்தாக்கித் தரட்டும். இதை ஓரிருவர் எதிர்ப்பார்கள், ஒரு கேம்பெயின் முடிந்தால் அவர்களே கேட்பார்கள். ரிலீசுக்கு முன் விலை, தேதி, போன் எண் மூன்றையும் இன்னொருவர் சத்தமாகப் படிக்கட்டும். போன் எண்ணை டயல் செய்தே பாருங்கள். நள்ளிரவில் கண் எழுத்துப் பிழையைப் பிடித்துவிடும், இலக்கத்தைப் பிடிக்காது.

சும்மா இருக்கும் வாரம்

லீவை இப்போது எடுங்கள், மிச்ச நேரத்தில் கட்டவுட், அதாவது பின்னணியிலிருந்து பொருளின் படத்தை வெட்டி எடுப்பது. ஒரு நெக்லஸுக்குப் பாத் (வெட்டுக் கோடு) போட அரை மணி நேரம் ஆகும். அலை வரும் முன் நாற்பது நகை வெட்டி வைத்திருந்தால் இருபது மணி நேரம் கையில். அடிக்கடி வரும் சைஸ்களுக்கு ப்ளீடும் (வெட்டும்போது போக ஓரத்தில் விடும் கூடுதல் இடம்) லோகோவும் போட்ட காலி ஃபைல்கள், கிளையன்டின் லோகோ வெக்டாராக, எழுத்துருக்கள் ஒரே ஃபோல்டரில். வெளியாள் வேண்டுமானால் இப்போதே பேசி வையுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் நல்ல டிடிபி ஆள் எவரும் காலியாக இருக்க மாட்டார். அவருக்கு அடாப்டேஷனை மட்டும் கொடுங்கள், பேக்கேஜ் செய்த (படங்களும் எழுத்துருக்களும் சேர்த்துக் கட்டிய) ஃபைலோடு.

கடைசி மெட்டீரியல் போன மறுநாள், கணக்குப் போட்ட நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆன நிமிடத்தை எழுதுங்கள். டேங்லருக்கு 40 போட்டு 90 ஆகியிருந்தால், காரணம் பெரும்பாலும் டிசைனாக இருக்காது, டை கோடு (அட்டையை வெட்டும் வடிவக் கோடு) வரக் காத்திருந்த நேரமாக இருக்கும். அடுத்த ஆடிக்கு டை கோடு வந்து சேராத டேங்லரை அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டாம்.