மண்பாதையில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறையுங்கள்
எரிபொருள் நிரம்பிய நிலையில் 249 கிலோ எடையுள்ள பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் போன்ற பெரிய அட்வென்ச்சர் பைக்குகள் சரளைப் பாதையில் தடுமாறுவதற்கு, என் கருத்தில், இன்ஜினைவிட டயர்களே பெரும்பாலும் காரணமாகின்றன. தார்ச்சாலைக்கென முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருக்கும் காற்றை ஏறத்தாழ 28 வரை இறக்கினால், டயர் சற்றே தட்டையாகித் தரையை அகலமாகப் பற்றும். ஆனால் கூரான கற்கள் நிறைந்த இடத்தில் அதற்கும் கீழே குறைத்தால் ரிம் நெளியக்கூடும், அலாய் சக்கரமாயின் விரிசலே விழலாம். இறக்கமான மண்பாதையில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதியிருந்தால் அணைத்துவிடுங்கள், ஏனெனில் உதிரி மண்ணில் அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்பக் கையடக்கக் காற்றுப் பம்பு கட்டாயம் உடனிருக்க வேண்டும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் டயர் சூடேறிப் பழுதாகும்.