தென்னாப்பிரிக்கா டர்பன்ல நிலாவைப் பார்த்தே வளர்பிறையா தேய்பிறையான்னு சொல்றது எப்படி

தமிழ்நாட்டுல நம்ம ஊர்ல இருந்து வர்ற காலண்டர், ஸ்கூல் புக் எதை எடுத்தாலும் வளர்பிறைன்னா வலது பக்கம் வெளிச்சமா இருக்கற மாதிரிதான் படம் இருக்கும், அதை மனசுல வச்சுக்கிட்டு டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியாவுலயோ ஃபீனிக்ஸ் ஏரியாவுலயோ மொட்டை வானத்தைப் பார்த்தா மொத்தமும் உல்டாவா தெரியும். படம் தப்பில்லைங்க, அது பூமியோட வடக்குப் பாதியில இருக்கறவங்களுக்குப் போட்டது. டர்பன் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 30 டிகிரி தெற்குல இருக்கு, இங்க நிலா உச்சிக்கு வரும்போது எப்பவும் வடக்குப் பக்கமாத்தான் நிக்கும், தலைக்கு நேர் மேல வரவே வராது. நிலாவுல பாட்டி வடை சுடுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டினீங்கன்னா பாட்டி தலைகீழாதான் இருப்பாங்க, பாவம்.

முதல்ல வடக்கு பார்த்து நில்லுங்க. இடது கைப்பக்கம் மேற்கு, வலது கைப்பக்கம் கிழக்கு. நிலாவுல வெளிச்சமான பக்கம் எப்பவும் சூரியன் இருக்கற பக்கமாத்தான் இருக்கும், இது ஒண்ணு போதும். சாயங்காலம் சூரியன் இடது பக்கம் இறங்குது, அப்போ தெரியற நிலாவுக்கு இடது பக்கம் வெளிச்சம், அது வளர்பிறை. விடியக்காலம் சூரியன் வலது பக்கம் வரப்போகுது, அப்போ தெரியற நிலாவுக்கு வலது பக்கம் வெளிச்சம், அது தேய்பிறை. அடிவானத்துக்குக் கிட்ட இருக்கும்போது பிறை கொஞ்சம் படுத்த மாதிரி சாய்ஞ்சிருக்கும், அப்போ இடது வலதுன்னு குழம்பாம சூரியன் எந்தப் பக்கம்னு மட்டும் பாருங்க.

ஏன் இப்படின்னு புரியணும்னா ஒரு வெள்ளை டேபிள் டென்னிஸ் பந்து போதும். ராத்திரி ரூம்ல எல்லா லைட்டையும் அணைச்சுட்டு ஒரே ஒரு பல்பு மட்டும் எரியட்டும் (லோட்ஷெடிங்னு கரண்ட்டை நிறுத்தற அன்னைக்கு சார்ஜ் லைட்ட வச்சும் செய்யலாம்), பல்புதான் சூரியன், உங்க தலைதான் பூமி. பந்தை கையை நீட்டி பல்புக்கு நேரா பிடிங்க, உங்க பக்கம் இருட்டா இருக்கும், அதுதான் அமாவாசை. அப்படியே மெதுவா வலது பக்கமா திரும்புங்க, இடது ஓரத்துல மெல்லிசா ஒரு பிறை வரும், கால் சுத்து வந்ததும் இடது பாதி முழுக்க வெளிச்சம். பல்புக்கு முதுகைக் காட்டி பந்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா முழு வட்டம், பௌர்ணமி. இன்னும் திரும்பினா வெளிச்சம் வலது பக்கமா தேய்ஞ்சுகிட்டே போகும். பந்துல பாதி எப்பவும் வெளிச்சமாத்தான் இருந்துச்சு, அந்தப் பாதியில எவ்வளவு நம்ம கண்ணுக்குத் தெரியுதுங்கறதுதான் மாறுது. சென்னையில இருக்கற சொந்தக்காரங்க இதையே செய்யணும்னா இடது பக்கமா திரும்பணும். நிஜ நிலாவுக்கு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரியா 29.53 நாள் ஆகுது.

பூமியோட நிழல் விழுந்துதான் நிலா தேயுதுன்னு நல்லாப் படிச்சவங்களே சொல்றாங்க, எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சலா வரும். வளர்பிறை அஷ்டமி அன்னைக்கு மத்தியானம் மூணு நாலு மணிக்கு வெளிய வாங்க, சூரியன் மேற்குப் பக்கம், அரை நிலா கிழக்குப் பக்கம், ரெண்டும் ஒரே வானத்துல நிக்கும். பூமி நடுவுல எங்க வந்துச்சு? அப்பவே அந்தப் பந்தை வெயில்ல நிலாவுக்குப் பக்கத்துல தெரியற மாதிரி தூக்கிப் பிடிங்க, நிலா எப்படி இருக்கோ பந்தும் அச்சு அசல் அப்படியே பாதி வெளிச்சமா இருக்கும். சூரியனை மட்டும் நேரா பார்த்துடாதீங்க.

பூமி நிழல் விழறது கிரகணத்துக்கு, அதுவும் பௌர்ணமி அன்னைக்குத்தான் முடியும். 2025 செப்டம்பர் 7 சாயங்காலம் இங்க நிலா செவந்து போச்சே, ஏழரையில இருந்து ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்ன வரைக்கும், அதுதான் நிழல். மாசாமாசம் வராததுக்குக் காரணம் நிலாவோட பாதை சுமார் 5 டிகிரி சாய்ஞ்சிருக்கு, பெரும்பாலும் நிழலுக்கு மேலயோ கீழயோ போயிடும்.

நிலா தினமும் சராசரியா 50 நிமிஷம் லேட்டா உதிக்கும். பௌர்ணமின்னா சூரியன் மறையற நேரத்துல வரும், தேய்பிறை அஷ்டமின்னா நடுராத்திரி வாக்குல.

கடைசியா பஞ்சாங்கம். சூரியனை விட்டு நிலா 12 டிகிரி விலகினா ஒரு திதி, அரை நிலாவுக்கு 90 டிகிரி, அதாவது ஏழரை திதி விலகணும், அதனாலதான் அது எட்டாவது திதியான அஷ்டமியில வருது. திதி முடியறது உலகம் பூரா ஒரே நொடி, கடிகாரம்தான் வேற, ஊர் நேரத்துல, அதாவது இந்திய நேரத்துல இருந்து மூணரை மணி நேரம் கழிச்சுக்கணும். ஊர் காலண்டர்ல பௌர்ணமி ராத்திரி 1:30 வரைக்கும்னு போட்டிருந்தா நமக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கே முடிஞ்சுடும். சூரிய உதயத்துல இருக்கற திதியைப் பார்க்கறவங்களுக்கு விரத நாளே கூட மாறலாம், தைப்பூசக் காவடி, சித்ரா பௌர்ணமி சமயத்துல வீட்டுக்கு வீடு நடக்கற சண்டை பாதி இதனாலதான், டர்பனுக்குன்னே கணிச்ச பஞ்சாங்கம் கிடைச்சா அதையே வச்சுக்கோங்க.