கல்லா உங்களுடையது, கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும்

அமெரிக்காவில் பார்வை போன நம் ஆட்களில் பலருக்கு, மறுவாழ்வுத் துறை ஆலோசகர் சொல்லும்வரை ராண்டால்ப்-ஷெப்பர்ட் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. 1936 இல் வந்த சட்டம். ஃபெடரல் அரசுக் கட்டடங்களில், அதாவது தபால் நிலையம், நீதிமன்றம், வரி அலுவலகம், ராணுவ முகாம் மாதிரி இடங்களில், சிற்றுண்டிக் கடையோ கேன்டீனோ வெண்டிங் மெஷின்களோ நடத்தப் பார்வையற்றவர்களுக்கு அது முன்னுரிமை தருகிறது. ஆனால் கடைக்காரருக்கு ஓட்டுப் போடும் உரிமையும், கணக்குக் கேட்கும் உரிமையும், நடுவர் குழு வரை போகும் வழியும் கிடைத்தது 1974 திருத்தத்தில்தான். கடை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆலோசகர் இருக்கிறார். கடை கிடைத்த பிறகு பணமும் காகிதமும் உங்கள் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

தகுதியை முதலில் முடித்துவிடுவோம். இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி போட்டும் பார்வை 20/200 ஐவிட நன்றாக இருக்கக் கூடாது (மற்றவர்கள் 200 அடியில் பார்ப்பதை 20 அடிக்கு வந்தால்தான் பார்க்க முடியும் என்ற அளவு), அல்லது பார்வைப் பரப்பு 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது, இதைக் கடைசியில் தெரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் இந்தத் திட்டத்தை நடத்தும் மாநில லைசென்ஸ் ஏஜென்சியின் பயிற்சி, அது முடிந்தால் லைசென்ஸ்.

யார் பெயரில் என்ன இருக்கிறது

இதில்தான் குழப்பம் அதிகம். கட்டடம் ஃபெடரல் அரசுடையது. அந்த இடத்தில் கடை வைக்க அனுமதிப் பத்திரம் மாநில லைசென்ஸ் ஏஜென்சியின் பெயரில் இருக்கும், உங்கள் பெயரில் இல்லை. உங்கள் பெயரில் இருப்பது லைசென்ஸ் மட்டும். அது காலவரையறை இல்லாதது. உங்களுக்கு முழு விசாரணைக்கு வாய்ப்புத் தராமல் அதை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ முடியாது. பிரிட்ஜ், காபி மெஷின், அலமாரி எல்லாம் ஏஜென்சியுடையதாகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். விதிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. உங்களுடையது என்றால் பழுது பார்க்கும் பொறுப்பு யாருக்கு, நீங்கள் கடையை விடும்போது ஏஜென்சி என்ன விலைக்குத் திருப்பி வாங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். முதலில் வாங்கும் உரிமை ஏஜென்சிக்கு உண்டு, ஆனால் நியாயமான மதிப்பைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள், நீங்கள் ஏஜென்சியின் ஊழியர் இல்லை. சுயதொழில் செய்பவர். ஏஜென்சி அதிகாரி நல்லவராக இருப்பார், உதவி செய்வார், சில நேரம் மேனேஜர் மாதிரியும் பேசுவார். இடத்தை மாற்றுவது, விலையை நிர்ணயிப்பது, ஆளை நிறுத்துவது என்று எதைச் சொன்னாலும் "இது எந்த விதியில் இருக்கிறது, மெயிலில் அனுப்புங்களேன்" என்று கேளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, கேட்டால் போதும், பாதி விஷயம் அதிலேயே தெளிவாகிவிடும்.

கையெழுத்துப் போடும் நாளில் உங்கள் முன் ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் ஒன்றை மட்டும் குறிப்பாகப் பாருங்கள்: அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளும் உங்கள் ஒப்பந்தமும் உங்களுக்குப் புரிந்தது என்று நீங்களே கையெழுத்திட்டுத் தரும் தாள். உங்களுக்குப் புரியவைக்க ஏஜென்சி தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி, எடுத்ததற்குச் சாட்சி அந்தத் தாள்தான். பக்கத்தில் இருப்பவர் "ஒண்ணுமில்லை, வழக்கமான ஃபார்ம்தான்" என்று விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் கோப்பாகவோ பிரெயிலிலோ முன்னதாகவே அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கேன் செய்த படக் கோப்பு வந்தால் திருப்பி அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. சட்டம் மாநில அலுவலகங்களுக்கும் பொருந்தும், அதனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை. ஏஜென்சியின் விதிகள், கட்டடத்தின் அனுமதிப் பத்திரம், ஒப்பந்தம் மூன்றும் பிரதியாக உங்கள் கணினியில் இருக்க வேண்டும்.

கல்லா

அமெரிக்க டாலர் நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றும் நூறும் விரலுக்கு ஒன்றுதான். இது பார்வையற்றவர்களுக்கு எதிரான பாகுபாடு என்று 2008 இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியும் நோட்டு இன்னும் பழைய நோட்டுதான். ஆகவே நோட்டைப் படித்துச் சொல்லும் சின்னக் கருவியை, ஐபில் என்று பெயர், அரசின் நோட்டு அச்சகத்திடம் இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு நோட்டையும் அதில் செருகிக்கொண்டிருக்க முடியாது என்பது வேறு விஷயம். நடைமுறையில் வாடிக்கையாளரை "எவ்வளவு கொடுக்கிறீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லவைப்பது, பத்து டாலருக்கு மேற்பட்ட நோட்டைத் தனியாக வைத்து அப்புறம் கருவியில் பார்ப்பது, பேசும் பில்லிங் மெஷின் வைப்பது, கார்டு கட்டணத்தை முன்னால் தள்ளுவது, இப்படிக் கலந்துதான் ஓடும்.

கடையில் பார்வையுள்ள ஊழியர் இருந்தால் ஒரே ஆள் கல்லாவில் நின்று, அவரே எண்ணி, அவரே வங்கியில் கட்டுகிற மாதிரி விடாதீர்கள். நம்பிக்கை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. நல்ல ஊழியருக்கும் அது பாதுகாப்பு. நாள் முடிவில் மெஷின் தரும் மொத்த விற்பனைத் தொகை ஊழியரைத் தாண்டி நேராக உங்கள் மெயிலுக்கு வர வேண்டும், மறுநாள் வங்கியில் ஏறிய தொகையோடு நீங்களே ஒத்துப்பாருங்கள். வங்கிக் கணக்கு தொழிலுக்குத் தனியாக, உங்கள் ஒருவர் அதிகாரத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்டு மனைவிக்கோ மகனுக்கோ அக்கவுன்டன்டுக்கோ மட்டும் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது என்றால் அந்தக் கடை உங்களுடையது என்று சொல்லவே தயங்குவேன். வீட்டில் உதவி வேண்டும் என்றால் வங்கியில் பார்வையிட மட்டும் அனுமதி கொடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதியே ஆக வேண்டும் என்றால் இந்த வேலைக்கு, இந்தத் தேதி வரை என்று குறுக்கி எழுதுங்கள்.

மாதக் கணக்கும் பிடித்தமும்

மாதாமாதம் ஏஜென்சிக்கு ஒரு கணக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதன்மேல்தான் பிடித்தம் கணக்கிடுவார்கள். செட்-அசைட் என்பார்கள். பிடித்தம் உண்டா, எவ்வளவு சதவீதம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் சட்டம் சொல்வது நிகர வருமானத்திலிருந்து பிடிப்பதைத்தான், மொத்த விற்பனையிலிருந்து இல்லை.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். விற்பனை 18,000 டாலர். மாத ஆரம்பத்தில் கையிருப்புச் சரக்கு 3,200, அந்த மாதம் வாங்கியது 10,700, கடைசி நாள் எண்ணியபோது மிச்சம் 4,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 9,900. ஊழியர் சம்பளமும் அதன் வரியும் 2,600, இன்ஷூரன்ஸ், கார்டு கட்டணம், இதர செலவு 700. நிகரம் 4,800. பத்து சதவீதப் பிடித்தம் என்று வைத்துக்கொண்டால் 480 டாலர். இருப்பு எண்ணாமல் வாங்கிய 10,700 ஐ அப்படியே செலவாக எழுதினால் நிகரம் 4,000 ஆகக் குறைந்து இந்த மாதம் பிடித்தம் மிச்சம் மாதிரி தெரியும், அடுத்த மாதம் தணிக்கையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். உங்கள் கைக்கு எடுத்துக்கொள்வது செலவில் வராது, அதுதான் உங்கள் வருமானமே. கடைசி நாள் சரக்கு எண்ணும்போது நீங்களும் அலமாரி அலமாரியாகத் தொட்டு எண்ணுங்கள், அலுப்பான வேலைதான், ஆனால் எது அழுகிக் கிடக்கிறது, எது காணாமல் போகிறது என்பது வேறு எப்படியும் தெரியாது.

பிடித்த பணத்தை ஏஜென்சி எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்க முடியாது. உபகரணங்களைப் பராமரிக்கவும் மாற்றவும், புதிய உபகரணம் வாங்க, நிர்வாகச் சேவைக்கு, குறைந்த வருமானக் கடைக்காரருக்கு நியாயமான குறைந்தபட்ச வருவாயை உறுதிசெய்ய, ஐந்தாவதாக ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு மாதிரியானவற்றுக்கு. அவ்வளவுதான். அந்த ஐந்தாவதற்கு, முழு விவரமும் கொடுத்த பிறகு, லைசென்ஸ் வைத்திருக்கும் பார்வையற்றவர்களின் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். ஓட்டுச் சீட்டு வந்தால் தூக்கிப் போடாதீர்கள், அது உங்கள் ஓய்வுக்காலம்.

இன்னொரு பணம் இருக்கிறது, பலர் கேட்பதே இல்லை. ஃபெடரல் கட்டடத்தில் வேறு யாரோ வைத்த வெண்டிங் மெஷின் உங்கள் கடைக்கு நேர்ப் போட்டியாக இருந்தால் அதன் வருமானம் முழுவதும் திட்டத்துக்கு வர வேண்டும். நேர்ப் போட்டி இல்லையென்றால் பாதி. அதிலும் அந்தக் கட்டடத்தின் வேலை நேரத்தில் குறைந்தது பாதியாவது வழக்கமான அலுவலக நேரத்துக்கு வெளியே என்றால் 30 சதவீதம். உங்களுக்கு நேரடியாக வருவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, மிச்சம் ஏஜென்சிக்குப் போகும். ராணுவத்தினருக்கான எக்ஸ்சேஞ்ச் கடைகள், முன்னாள் படைவீரர் துறையின் கேன்டீன், மெஷின் வருமானம் ஆண்டுக்கு 3,000 டாலர் தாண்டாத இடங்கள் இதில் வராது. உங்கள் கட்டடத்தில் எத்தனை மெஷின், எந்த மாடியில், யாருடையது என்று ஒரு நாள் நடந்து பட்டியல் எடுத்து, அதோடு ஏஜென்சியிடம் கேளுங்கள்.

கேட்கும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது: மாநிலத் திட்டத்தின் நிதி விவரங்கள், காலாண்டு மற்றும் ஆண்டு அறிக்கை உட்பட, லைசென்ஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும், புரியவில்லையென்றால் வசதியான நேரத்தில் உட்கார்ந்து விளக்கவும் வேண்டும். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் கடைக்காரர்களே தேர்ந்தெடுக்கும் குழு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். பெரிய நிர்வாக முடிவுகளிலும் இடமாற்ற விதிகளிலும் குழுவுக்குத் தீவிரப் பங்கு உண்டு, கடைசி முடிவு ஏஜென்சியுடையது. நிற்க ஆளில்லாமல் அதே மூன்று பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குழுவால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, முடிந்தால் நில்லுங்கள்.

வரி, சோஷியல் செக்யூரிட்டி

வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இ.ஐ.என்., அதாவது தொழிலுக்கான வரி அடையாள எண், இலவசம், காசு கேட்பவரிடம் போகாதீர்கள். லாபத்தின்மேல் சாதாரண வருமான வரி தவிர சுயதொழில் வரி 15.3 சதவீதம் இருக்கிறது, முதல் வருடம் இதுதான் ஆளை விழுத்தாட்டுவது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும், அதனால் வாராவாரம் லாபத்தில் ஒரு பங்கை வேறு சேமிப்புக் கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். வருமான வரிக் கணக்கில் பார்வையற்றவர்களுக்குக் கூடுதல் நிலையான கழிவு உண்டு.

சோஷியல் செக்யூரிட்டியில் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை வாங்குபவர்கள், அது நின்றுவிடுமோ என்று கடை எடுக்கவே பயப்படுகிறார்கள். பார்வையற்றவர்களுக்கான வருமான வரம்பு மற்றவர்களைவிட அதிகம், 2025 இல் மாதம் 2,700 டாலர், ஆண்டுதோறும் மாறும். அங்கே பார்ப்பது விற்பனையை இல்லை, கணக்கில் எடுக்கும் நிகர வருமானத்தை. ஏஜென்சி இலவசமாகக் கொடுத்த உபகரணம் மாதிரி, வேறொருவர் உங்கள் தொழிலுக்காகச் செய்த செலவையும் அதில் கழிக்கக் கேட்கலாம். எஸ்.எஸ்.ஐ., அதாவது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை, வாங்குபவர்கள் என்றால் வேலைக்காகும் செலவுகளுக்குப் பார்வையற்றோருக்கெனத் தனிக் கழிவு இருக்கிறது. மாத வருமானத்தை நீங்களே தவறாமல் தெரிவியுங்கள், பின்னால் அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று திருப்பிக் கேட்டுக் கடிதம் வருவது பெரிய தலைவலி.

கூட்டாளி நிறுவனம் வரும்போது

ராணுவ உணவுக்கூடம் போன்ற பெரிய ஒப்பந்தங்களில் பார்வையற்ற கடைக்காரரோடு ஒரு தனியார் நிறுவனம் சேர்ந்து நடத்துவது வழக்கம். பெரிய பணம், நல்ல வாய்ப்பும்கூட. ஆனால் லைசென்ஸ் உங்களுடையது, வங்கிக் கணக்கு அவர்களுடையது, மாதம் ஒரு தொகை உங்களுக்கு என்றால் நீங்கள் பெயருக்குத்தான் முதலாளி. கணக்கைப் பார்க்கும் உரிமை, ஆள் எடுப்பதில் உங்கள் பங்கு, நஷ்டம் வந்தால் யார் தலையில், விலகும் வழி இவை நான்கும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அவர்களுடைய வக்கீல் படித்துச் சொன்னதை வைத்தும் போடாதீர்கள்.

தகராறு என்று வந்துவிட்டால்

ஏஜென்சியின் முடிவில் அதிருப்தி என்றால் முதலில் மாநில அளவில் முழு விசாரணை கேட்க வேண்டும். எழுத்தில், கெடுவுக்குள், கெடு உங்கள் மாநில விதிகளில் இருக்கும். அங்கும் நியாயம் கிடைக்கவில்லையென்றால் ஃபெடரல் கல்வித் துறைச் செயலருக்குப் புகார் அனுப்பலாம், அவர் மூவர் நடுவர் குழுவைக் கூட்டுவார்: ஒருவரை நீங்கள் நியமிக்கிறீர்கள், ஒருவரை ஏஜென்சி, இருவரும் சேர்ந்து தலைவரை. நடுவர் குழுவின் நியாயமான செலவைக் கல்வித் துறை ஏற்கும், உங்கள் வக்கீல் செலவு வேறு. குழுவின் தீர்ப்பை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போகலாம். நஷ்டஈடு விஷயத்தில் மட்டும் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை, மாநிலத்திடமிருந்து பணம் வாங்க முடியுமா என்பது நீங்கள் இருக்கும் பகுதியைப் பொறுத்தது. வழக்குப் போடும் முன் இதைத்தான் வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். இந்தச் சட்டம் தெரிந்த வக்கீல்கள் குறைவு. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் வணிகர் பிரிவும், அமெரிக்கப் பார்வையற்றோர் கவுன்சிலைச் சேர்ந்த ராண்டால்ப்-ஷெப்பர்ட் கடைக்காரர் சங்கமும் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்துப் பழகியவை, கெடு முடிவதற்குள் அங்கே ஒரு போன் போடுங்கள்.