கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் முன் கேசிங்கைத் திறந்து பாருங்கள்

போன வருடம் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு மத்தியானம் அக்காவின் மகன் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து போன் எடுத்தான். "மாமா, கார்ட் வந்திட்டு. ஆனா உள்ளுக்குப் போகுதில்ல." சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில், பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்திருந்தான். கார்டில் ஒரு பிழையும் இல்லை. அவனுடைய கணினிதான் அலுவலகத்தில் கழித்து விற்ற மெலிந்த பெட்டி. கார்டின் உயரத்துக்கு மூடி சாத்தவில்லை. மூடாமலே விட்டாலும் அந்தக் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் வயர் அவனுடைய பவர் சப்ளையில் இல்லை.

எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலருடைய முதல் கணினி இப்படிப்பட்ட பெட்டிதான். வீடியோவில் கார்டைப் பார்த்து ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்கிறார்கள். அந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றத்தான் இதை எழுதுகிறேன். ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் பக்கத்தில் புராசசரின் பெயரும் ரேமின் அளவும் இருக்கும். ஐ5 4570 என்று இருந்தால் முதல் இலக்கமான 4 தலைமுறையைச் சொல்கிறது. 10400 என்றால் 10ஆம் தலைமுறை.

ரேம் 8 ஜிபிக்குக் குறைவென்றால் கார்டை மறந்துவிட்டு முதலில் ரேம் போடுங்கள். ஒரே குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று சேர்த்து இரண்டாக்குங்கள். குறைந்த செலவில் கேம் சீராக ஓட வைப்பதற்கு இதுதான் முதல் வழி.

ஏற்கெனவே ஒரு பழைய கார்ட் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் விளையாடும் கேமில் ரெசொல்யூஷனை நன்றாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ், அதாவது ஒரு செக்கனுக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, கூடினால் தடை கார்டில்தான் இருக்கிறது. அசையாமல் அதே எண்ணில் நின்றால் தடை புராசசரில். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்ட் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

படி 2: பெட்டியை அளவெடுங்கள்

சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். மதர்போர்டில், அதாவது எல்லாம் குத்தியிருக்கும் பெரிய பலகையில், நீளமான துளை ஒன்று இருக்கும், அதுதான் கார்ட் போகும் இடம். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்னால் ஹார்ட் டிஸ்க் கூடு வரைக்கும் அடிமட்டம் வைத்து அளந்து எழுதுங்கள். அந்தத் துளைக்குப் பக்கத்தில் எத்தனை தட்டு இடம் காலியாக இருக்கிறது என்றும் பாருங்கள். பல கார்டுகள் இரண்டு தட்டு இடத்தை எடுக்கும். பெட்டி மெலிந்ததென்றால் லோ புரொஃபைல் என்று சொல்லப்படும் குள்ளக் கார்ட்தான் வேண்டும். வாங்கும்போது அதற்குரிய குட்டைத் தகடும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். கார்டைக் கொடுத்துவிட்டுத் தகட்டைக் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது.

படி 3: பவர் சப்ளை

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். இங்கே பிழை விட்டால் கார்ட் மட்டுமல்ல, மதர்போர்டும் சேர்ந்து போகலாம்.

சுவர் வயர் வந்து குத்தும் இரும்புப் பெட்டிதான் பவர் சப்ளை. அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட். வெளியே 500 வாட் என்று அச்சடித்திருந்தாலும் கார்டுக்கும் புராசசருக்கும் சேர்த்துக் கிடைக்கப்போவது அந்த 216 வாட்தான். மலிவான கேசிங்கோடு சேர்ந்து வரும் பவர் சப்ளைகளில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இனிக் கார்டின் பக்கம். மதர்போர்ட் துளை வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் வரும். அதற்கு மேல் குடிக்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் வயர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் வயர் 150 வாட் தரும். இந்த வயர்கள் உங்கள் பெட்டியில் இல்லையென்றால், ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரை யாராவது நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் அளவுக்குத்தான் தாங்கும். அதில் 150 வாட் இழுத்தால் முனை உருகும், தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் பிள்ளைகள் தூங்கும் அறையில் இருக்கும் பெட்டி அது.

அலுவலகப் பெட்டிகளில் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் முனையும் சொந்த அளவில் இருக்கும். கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை அதில் பொருந்தாது. அப்படியென்றால் உங்கள் தேர்வு வயர் தேவைப்படாத கார்ட் ஒன்றுதான். தாளில் அதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

படி 4: என்ன கேம், என்ன மொனிட்டர்

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 போன்றவைதான் உங்கள் கேம்கள் என்றால் சொந்த நினைவகம் 4 ஜிபி உள்ள கார்ட் போதும். வாலரன்ட் புராசசரைத்தான் கூடுதலாகக் கேட்கும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த பெரிய கதைக் கேம்களுக்கு 8 ஜிபி வேண்டும்.

உங்கள் மொனிட்டரில் நீலநிற விஜிஏ முனை மட்டும்தானா? இப்போதைய கார்டுகளில் அது கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரையும் கணக்கில் சேருங்கள்.

படி 5: கார்டைத் தெரிவு செய்யுங்கள்

இப்போது தாளைப் பாருங்கள். விலை எதையும் இங்கே எழுதவில்லை. அது டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், வாங்கும் வாரத்தில் மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளிலும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் விசாரித்து ஒப்பிடுங்கள்.

பவர் வயர் இல்லாத பெட்டிக்கு மூன்று கார்டுகளைச் சொல்வேன். முதலாவது ஜிடிஎக்ஸ் 1650. 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். இதில் 6 பின் கேட்கும் மொடலும் உண்டு, கேட்காத மொடலும் உண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகை. 2024இல் வந்தது, 70 வாட்தான். காசு எட்டினால் இந்த மூன்றில் இதுதான் என் தெரிவு. மூன்றிலும் குள்ள வடிவம் உண்டு.

மூன்றாவது ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான் குடிக்கும், ஒரு தட்டு இடத்தில் அடங்கும் மொடலும் உண்டு. ஆனால் அது மதர்போர்டோடு 4 பாதையில்தான் பேசும். பிசிஐ என்பது கார்ட் துளையின் வகை, அதன் எண் கூடக் கூட வேகமும் கூடும். பிசிஐ 4.0 போர்டில் பிரச்சினை இல்லை. இன்டெல் 10ஆம் தலைமுறை வரையான பெட்டிகளில் 3.0 அல்லது அதற்கும் பழையதுதான் இருக்கிறது, அங்கே வேகம் குறையும். விளையாடுவதை ரெக்கோர்ட் செய்து யூடியூபில் போட நினைப்பவர்களுக்கும் இது சரிவராது, வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி இந்தக் கார்டில் இல்லை.

பெரிய கேசிங்கும் நல்ல 450 வாட் பவர் சப்ளையும் இருப்பவர்களுக்கு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், ஒரு 8 பின் வயர். வெப்பமும் குறைவு, கரண்ட் பில்லும் குறைவு. அது எட்டாவிட்டால் பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி. இன்டெலின் ஆர்க் கார்டுகளும் நல்லவைதான். ஆனால் ரிசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் அவை திணறும். பழைய பெட்டிக்கு வேண்டாம்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றைச் செய்யும் என்விடியா, புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. பழைய கேம்கள் மட்டும் என்றால் வாங்கலாம், புதிதாக வரப்போகும் கேம்களை நம்பி வாங்காதீர்கள்.

படி 6: பாவித்த கார்டைச் சோதிப்பது

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் தோண்டும் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன, அவற்றில் ஆர்எக்ஸ் 580 ஏராளம். ஓடிய கார்ட் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, சோதித்து வாங்கினால் சரி.

ஜிபியு இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். முழு ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர், அதாவது கார்டுக்குள் கணக்குப் பார்க்கும் சின்ன அலகுகளின், எண்ணிக்கை 2304 என்று காட்டும். 2048 என்று வந்தால் அது ஆர்எக்ஸ் 570க்குச் சமமான வகை, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். 1050 டிஐ என்று சொல்லித் தரும் கார்டில் விஜிஏ முனை இருந்தாலும் சந்தேகப்படுங்கள், பழைய கார்டுக்குப் பெயரை மாற்றி விற்பார்கள்.

அப்புறம் கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட விடுங்கள். திரையில் கோடோ நிறப் புள்ளியோ வரக்கூடாது. விசிறி ஆடக்கூடாது, சத்தம் ஏறி இறங்கக்கூடாது. எல்லா முனைகளிலும் மொனிட்டரை மாற்றி மாற்றிக் குத்திப் பாருங்கள். எங்கள் கரையோரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தகட்டிலும் திருகாணிகளிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது உப்புக்காற்று தின்ற கார்ட். இன்றைக்கு ஓடும், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

தூரத்திலிருந்து எடுப்பிப்பவர்கள், கார்டின் சீரியல் எண் தெரியும்படி இந்தச் சோதனைகளை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 7: பொருத்துவது

இது பத்து நிமிட வேலை. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை விடுங்கள். கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள். துளையில் நேராக வைத்து, கிளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்தி, திருகாணியை முறுக்கி, வயர் இருந்தால் குத்துங்கள். மொனிட்டர் வயரை மதர்போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள், "படம் வரவில்லை" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதனால்தான். டிரைவர் பல நூறு எம்பி இருக்கும், கார்ட் கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெப்பத்தைக் கவனியுங்கள். விளையாடும்போது 85 பாகைக்கு மேலேயே நின்றால் கேசிங்கின் முன்பக்கத்தில் ஒரு விசிறி சேருங்கள், தூசு தட்டுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைக்க வேண்டாம். மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்காமல் பிளக்கையே கழற்றுங்கள்.

மருமகன் அந்த 580ஐ, பெரிய கேசிங் வைத்திருந்த அக்கரைப்பற்றுக் கூட்டாளி ஒருவனுக்குத் தான் வாங்கிய விலைக்கே விற்றான். மூன்று வாரம் தேடி ஒரு குள்ள ஜிடிஎக்ஸ் 1650 எடுத்தோம், தகட்டோடு. இந்த முறை அடிமட்டத்தைப் பிடித்தவன் அவன்தான்.